இருபத்து மூன்றாம் கேள்வியில் ஒரு 'தான்'

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் பிழை அக்கா என்றே கூப்பிடுவோம். பிழை செய்கிறவர் என்பதால் அல்ல, அடுத்தவர் பிழையைப் பிடிக்கிறவர் என்பதால். வேலைக்கு ஆள் எடுக்கத் தேர்வு நடத்தும் அலுவலகம் அது. நீரேற்று நிலையம், ஆய்வுக்கூடம், மின் துணைநிலையம் என்று எங்கே ஆள் தேவைப்பட்டாலும் கேள்வித்தாள் எங்களிடம்தான் தயாராகும். கேள்வி எழுதுகிறவர்கள் வெளியாட்கள். அவர்களுடைய கைப்பிரதி சீல் வைத்த உறையில் வரும். நான் கணினியில் பக்கம் கட்டுவேன். பிழை அக்கா பேனாவோடு படிப்பார். ஜன்னல் இல்லாத அறை, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, வாசலில் ஒரு காவலர். கைபேசியை வெளியே ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பதினோரு வருடம் அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்.

போன மாதம் அவருக்குப் பணி ஓய்வு. வழியனுப்புக் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் புகழ்ந்தார்கள். 'கண்ணில் விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் படிப்பாங்க' என்றார் ஒருவர். நான் பேசவில்லை. பேசியிருந்தால் நீரேற்று நிலையத் தேர்வைப் பற்றித்தான் பேசியிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு அன்றைக்கும் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அக்காவுக்குச் சொற்களில் ஒரு கடுமை உண்டு. 'சொல்லுக்கும் கொழுப்பு சேரும் தம்பி, சீவி விடணும்' என்பார். 'வந்து', 'கூட', 'தான்' இந்த மூன்றும் அவருக்குப் பரம விரோதிகள். யாராவது பேசும்போதுகூட விடமாட்டார். 'நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அக்கா' என்று நான் வேண்டுமென்றே சீண்டுவேன். 'சரியா இருக்கும். அவ்வளவு போதும்' என்று திருத்துவார். அவர் கை பட்ட பக்கம் துவைத்துக் காயப்போட்ட சட்டை மாதிரி இருக்கும். அதில் அவருக்குப் பெருமை உண்டு. பெருமைப்படுகிற அளவுக்கு வேலையும் இருந்தது.

அந்த வருடம் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர் வேலைக்கு நாற்பது இடம். தர்க்கப் பகுதியில் முப்பது கேள்வி. எழுதியவர் ஓய்வு பெற்ற ஒரு கணக்கு வாத்தியார். நீல மையில், மணி மணியான கையெழுத்து. இருபத்து மூன்றாம் கேள்வியை அவர் இப்படி எழுதியிருந்தார்:

'மூன்றாம் வால்வு திறந்திருந்தால்தான் பச்சை விளக்கு எரியும். இப்போது பச்சை விளக்கு எரிகிறது. எது உறுதி?'

நான்கு விடைகள். முதலாவது, மூன்றாம் வால்வு திறந்திருக்கிறது. கடைசி, எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. நடுவில் இரண்டு சும்மா இடம் நிரப்ப. அவர் கொடுத்த விடை முதலாவது.

நான் பக்கம் கட்டியபோது 'எரியும்' என்ற ஒரு சொல் மட்டும் தனியாக அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. அது இறங்கியதால் கடைசி விடை அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. ஒரு கேள்வி இரண்டு பக்கத்தில் உடையக் கூடாது என்பது எங்கள் விதி. எழுத்தைச் சுருக்கிப் பார்த்தேன், இடைவெளியைக் குறைத்துப் பார்த்தேன். அசையவில்லை. மணி மூன்றரை. நான்கு மணிக்கு அச்சகத்து வண்டி வந்து நிற்கும்.

அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். திரையில் பேனா முனையை வைத்தார். "இந்தத் 'தான்' எதுக்கு? எடுத்துடு."

"வாத்தியாரைக் கேட்கணுமே அக்கா." எழுத்துப்பிழை தவிர எதைத் தொட்டாலும் கேள்வி எழுதியவர் கையெழுத்து வேண்டும். அதுவும் விதி. வாத்தியார் வீடு பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

"ஒரு 'தான்' தானே தம்பி" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அழித்தேன். 'எரியும்' ஒரு துள்ளலில் மேல் வரிக்கு ஏறியது, கடைசி விடை பக்கத்துக்குள் வந்து உட்கார்ந்தது. வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. அழிக்கச் சொன்ன வாய் அவருடையது, அழித்த விரல் என்னுடையது.

தேர்வு நடந்தது. மூன்று வாரம் கழித்து விடைப் பட்டியலும் தேறியவர்களின் தற்காலிகப் பட்டியலும் வெளியாகின. விடையில் ஆட்சேபம் இருந்தால் பத்து நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

அக்கா குடியிருந்தது ஒரு நாலு மாடிக் கட்டிடத்தில், இரண்டாம் மாடி. கணவர் கண்ணாடிக் கடை வைத்திருந்தார், மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தீட்டுகிறவர். மேல்வீட்டில் ஒரு பெண், ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை பார்ப்பவள். வயது முப்பத்தைந்து. புருஷன் லாரியில் போனால் பத்து நாள் வரமாட்டான். அவள் வேலை முடிந்து ஏறும்போது அக்கா வீட்டுக் கதவு திறந்திருந்தால் உள்ளே வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவாள். அக்காவுக்கு ஏதோ ஆபீசில் எழுத்து வேலை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். எந்த ஆபீஸ் என்று வெளியே சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை.

விடைப் பட்டியல் வந்த மறுநாள் அவள் கேள்வித்தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். கையெல்லாம் ப்ளீச்சிங் வாசனை.

"அக்கா, நீங்க எழுத்து வேலை பார்க்கிறவங்க. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எனக்குத்தான் புரியலையா?"

இருபத்து மூன்று. அக்கா படித்தார். 'மூன்றாம் வால்வு திறந்திருந்தால் பச்சை விளக்கு எரியும்.'

"நான் கடைசி விடை போட்டேன். உறுதியாச் சொல்ல முடியாதுன்னு. அவங்க முதல் விடைதான் சரிங்கறாங்க. எப்படிக்கா? வால்வு திறந்தா விளக்கு எரியும்னு சொல்லியிருக்கு. சரி. வேற எதுக்கும் எரியாதுன்னு சொல்லலையே? எங்க ட்ரையர் இருக்கில்ல, கதவு சரியா மூடலைன்னா மணி அடிக்கும். அதுக்காக மணி அடிச்சாலே கதவுதான்னு நினைச்சு ஓடினா முட்டாள்தனம். பஞ்சு அடைச்சாலும் அதே மணிதான். புதுசா வந்தவங்க எல்லாம் முதல்ல கதவைத்தான் போய்ப் பிடிச்சு இழுப்பாங்க. உள்ள துணி கருகிட்டிருக்கும்."

அக்கா தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"'திறந்திருந்தால்தான்'னு இருந்திருந்தா அது வேற" என்று அவளே தொடர்ந்தாள். "அப்ப வேற வழியே இல்ல. விளக்கு எரிஞ்சா வால்வு திறந்திருக்கணும். நானும் முதல் விடைதான் போட்டிருப்பேன். ஆனா அப்படி இல்லையே. நாலு தடவை படிச்சேன் அக்கா, 'தான்' இருக்கா இருக்கான்னு."

எழுபத்தொரு மதிப்பெண் அவளுக்கு. கடைசியாகத் தேறியவருக்கு எழுபத்திரண்டு. வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது.

"இருந்தாலும் ஆபீஸ்ல போட்டது தப்பா இருக்குமா? அங்க பத்துப் பேராவது உட்கார்ந்து பார்த்திருப்பாங்க" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

பத்துப் பேர் இல்லை, இரண்டே பேர், அதில் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்று அக்கா சொல்லவில்லை. "டீ ஆறுது, குடி" என்றார்.

மறுநாள் காலை அறைக்குள் வந்ததும் என்னிடம் கேட்டார். "தம்பி, இருபத்து மூணு நினைவிருக்கா?"

"எந்த இருபத்து மூணு?" என்றேன். எனக்கு நன்றாக நினைவிருந்தது.

மேல்வீட்டுப் பெண் சொன்னதை அப்படியே சொன்னார். எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆனது. நாங்கள் எடுத்தது கொழுப்பு இல்லை, எலும்பு. அதோடு இன்னொன்றும் விளங்கியது. இந்தத் தப்பு வெளியே தெரியவே தெரியாது. ஏனென்றால் அவசரத்தில் படிக்கிற யாரும் விளக்கு எரிகிறது, ஆகவே வால்வு திறந்திருக்கிறது என்றுதான் போடுவார்கள். அவர்களுக்கு எங்கள் விடைப் பட்டியல் மதிப்பெண் கொடுத்துவிட்டது. நிதானமாகப் படித்தவர்களுக்குத்தான் வெட்டு. அவசரக்காரன் ஆட்சேபம் எழுதமாட்டான். நிதானக்காரனோ ஆபீசை நம்பி, தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு சும்மா இருப்பான்.

இதெல்லாம் மனதில் ஓட, என் வாயிலிருந்து முதலில் வந்தது இது: "நீங்க சொன்னீங்க, நான் அழிச்சேன் அக்கா."

"ஆமா" என்றார்.

எட்டு நாள் அவர் எதுவும் செய்யவில்லை. மேல்வீட்டுப் பெண் படியேறும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விடுவாராம். வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னார். அவர் நல்ல மனிதர், ஆறுதல் சொல்லப் பார்த்தார். "எதுக்கெடுத்தாலும் நெஞ்சு குறுகுறுக்கிற ஆளு நீ. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சொல்வாங்க, சரி. அதுக்காகக் குறுகுறுத்தாலே குற்றம்னு ஆயிடுமா?"

"ஆகாது. ஆனா இங்க குற்றம் இருக்கே" என்றாராம் அக்கா.

ஒன்பதாம் நாள் அவர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். தானே மேல்வீட்டுக்குப் போய், எதுவுமே தெரியாதவர் போல, "அந்தக் கேள்விக்கு ஒரு ஆட்சேபம் எழுதிப் போடேன். நாளைக்குக் கடைசி நாள்னு சொன்னியே" என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். எழுதி முடித்து, "பிழை இருந்தா பார்த்துக் குடுங்க அக்கா" என்று அவரிடமே நீட்டினாள். ட்ரையர் மணி உதாரணம்வரை எல்லாம் அதில் இருந்தது. 'வினாவில் திறந்திருந்தால் என்றுதான் உள்ளது' என்று ஓர் இடம். அந்தத் 'தான்' மேல் பேனா தானாகப் போய் நின்றதாம். எதையும் தொடாமல் திருப்பிக் கொடுத்தார்.

அக்கா போட்ட கணக்கு இதுதான்: ஆட்சேபம் வரும், நிபுணர்கள் பார்ப்பார்கள், விடையை மாற்றுவார்கள். அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்கும். தப்பு யாருடையது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

கேட்டார்கள். கண்காணிப்பாளர் எங்கள் பிரிவுக்குத் தலைவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா, ஒன்று எழுத, ஒன்று பிறருக்கு இரவல் கொடுக்க. அவர் வாத்தியாரை வரவழைத்தார், எங்களையும் கூப்பிட்டார். வாத்தியார் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்த களைப்போடு, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். கேள்வித்தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"நான் 'திறந்திருந்தால்தான்' என்றுதானே எழுதினேன்? அது இல்லாவிட்டால் என் விடை தவறாயிற்றே. பிள்ளைகளுக்கு முப்பது வருடம் இதைத்தானே சொல்லிக் கொடுத்தேன்."

கைப்பிரதியைப் பார்க்க முடியாது. தேர்வு முடிந்த மறுநாளே கைப்பிரதிகளை இயந்திரத்தில் போட்டு அரைத்துவிடுவது வழக்கம். கண்காணிப்பாளர் அக்காவைப் பார்த்தார். "பிரதியில எப்படி இருந்துச்சும்மா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நினைவில்லை சார்" என்றார் அக்கா.

"நீங்க?" என்றார் என்னிடம்.

"நான் பக்கம் கட்டறதோட சரி. படிக்க மாட்டேன் சார்."

வாத்தியார் அக்காவை ஒரு கணம் பார்த்தார். கோபமாக இல்லை. ஏதோ கேட்க வந்து நிறுத்தியவர் போல. பிறகு, "அப்படியானால் நான்தான் விட்டுவிட்டேனோ என்னவோ" என்று சொல்லி, பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

விதிப்புத்தகத்தில் இரண்டு வழி இருந்தது. தப்பு அச்சில் நேர்ந்திருந்தால், அச்சில் இருப்பதே கேள்வி, அதற்கேற்ப விடையை மாற்ற வேண்டும். தப்பு கேள்வி எழுதியவருடையதாக இருந்தால், அந்தக் கேள்வியே செல்லாது, எல்லோருக்கும் ஒரு மதிப்பெண். வாத்தியார் விட்டுவிட்டார் என்று முடிவானது. எல்லோருக்கும் ஒன்று என்று சொன்னாலும், ஏற்கெனவே மதிப்பெண் வாங்கியவர்களுக்கு அது சேராது என்றுதான் நான் நினைத்தேன். விதியில் அந்தப் பாகுபாடு இல்லை. எல்லோருக்கும் ஒன்று கூடியது. மேல்வீட்டுப் பெண்ணுக்கு எழுபத்திரண்டு ஆனது. கடைசியாகத் தேறியவருக்கு எழுபத்து மூன்று. கேள்வி எழுதுகிறவர்கள் பட்டியலிலிருந்து வாத்தியார் பெயரை அடித்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் மேல்வீட்டுப் பெண் கீழே வந்தாள். முகத்தில் வருத்தம் இருந்தது, ஆனால் அதோடு ஒரு தெளிவும் இருந்தது. "நீங்க சொல்லலைன்னா நான் எழுதியிருக்கவே மாட்டேன் அக்கா. இடம் கிடைக்கலை, போகட்டும். நான் யோசிச்சது தப்பில்லைன்னு ஒத்துக்கிட்டாங்க பாருங்க, எனக்கு அது போதும்" என்று அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியைத் தாங்க முடியாமல் கையை உருவிக்கொண்டு, அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போனதாக அக்கா பின்னால் என்னிடம் சொன்னார். அடுப்பில் எதுவும் இல்லையாம்.

அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. திறக்க வைத்தது வாத்தியாரின் போன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டெலிபோன் டைரக்டரியில் தேடி அக்காவின் எண்ணைப் பிடித்திருந்தார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும்மா. ஒரே ஒரு விஷயம். உங்களைக் குறை சொல்லக் கூப்பிடலை. என் மனைவிக்குக் கடைசி நாலு வருடம் மறதி நோய். அதுவும் இப்படித்தான் சின்னதா ஆரம்பிச்சது. அடுப்பை அணைச்சேன்னு சத்தியம் பண்ணுவா, எரிஞ்சிட்டிருக்கும். எனக்கு அந்தத் 'தான்' போட்டது கண்ணுக்குள்ள இருக்கு. தாளில் இல்லை. நேத்து டாக்டர்கிட்ட போய்ப் பரிசோதனைக்கு எழுதி வாங்கிட்டு வந்திருக்கேன். அதுக்கு முன்னாடி உங்களை ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு... உங்களுக்குக் கொஞ்சம்கூட நினைவு வரலையா?"

அக்கா நின்றுகொண்டு பேசியவர் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார்.

"போட்டிருந்தீங்க சார். நான் எடுத்தேன்."

"எதுக்கும்மா?"

"வரி நீண்டுபோச்சு. அந்தச் சொல் தேவையில்லைன்னு நினைச்சேன்."

"எடுத்தது பெரிசில்லை" என்றார் வாத்தியார். "அன்னைக்கு அந்த அறையில நான் உங்களைத்தானே பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்த இருபது நாள் நான் என் வீட்டுச் சாவியை எங்கே வெச்சேன்னு பத்துத் தடவை தடவிப் பார்த்துக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்." போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அக்கா ஒரு பக்கக் கடிதத்தோடு கண்காணிப்பாளர் முன்னால் நின்றார். அவர் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினாராம். "ஏம்மா, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சுன்னு நிம்மதியா இருந்தோம். இது யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"வாத்தியாருக்குத் தெரியும் சார், நேத்தே சொல்லிட்டேன். கடைசி விடை போட்ட மூணு பேருக்கு வர வேண்டிய இடமும் போகுது."

"மூணு பேர் உள்ள வருவாங்க, சரி. மூணு பேர் வெளிய போவாங்களே, அதை யோசிச்சீங்களா? அவங்க என்ன பாவம் பண்ணினாங்க?"

அக்கா அதை யோசித்திருக்கவில்லை. நானும்தான். விடையை மாற்றினால் முதல் விடை போட்டவர்களுக்கு ஒரு மதிப்பெண் குறையும். இருப்பது நாற்பது இடம்தான். அக்கா கடிதத்தை அவர் பக்கம் தள்ளி, "அதுவும் என்னால்தான் சார். எழுதிக்குங்க" என்றார்.

கடிதத்தின் கடைசி வரியை நான் பிறகு கோப்பில் பார்த்தேன். 'பக்கம் கட்டுபவர் நான் சொன்னதைச் செய்தார். மாற்றத்தின் பொருள் அவருக்குத் தெரியாது.' முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவதும் அன்றைக்கு உண்மை. ஆனால் விசாரணை நாளில் எனக்குத் தெரியும். தெரிந்துதான் படிக்க மாட்டேன் என்றேன். அதை அவர் எழுதவில்லை, நானும் போய்ச் சொல்லவில்லை. இரண்டு முறை கண்காணிப்பாளர் அறை வாசல்வரை போனேன். ஒரு முறை அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு முறை சும்மாதான் இருந்தார்.

பட்டியல் திருத்தப்பட்டது. வாத்தியாருக்கு அலுவலகம் வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பியது. பெயரை மறுபடி சேர்க்கிறோம் என்றது. அவர் ஒரே வரியில் பதில் போட்டார், வேண்டாம், கண் சரியில்லை என்று. அக்காவை ரகசியப் பிரிவிலிருந்து எடுத்துத் தபால் பிரிவில் போட்டார்கள். உறைகளில் விலாசம் ஒட்டும் வேலை.

மேல்வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. ஆணை வந்த அன்று அவள் இனிப்பு டப்பாவோடு கீழே வந்தாள். அக்கா டப்பாவை வாங்காமல், கதவருகே நிற்க வைத்தே எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நான் முதல் நாள் தாளைக் கொண்டுவந்து காட்டினப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் எழுதின ஆட்சேபத்தைப் பிழை பார்த்தீங்களே, அப்பவும்?"

"அப்பவும்."

"உங்க கையைப் பிடிச்சு நன்றி சொன்னேனே அக்கா." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "தப்புப் பண்ணினதைக்கூட விட்டுடலாம். எனக்கு நல்லது பண்ற மாதிரி நடிச்சீங்களே."

இனிப்பு டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். அதன்பின் டீக்கு வரவில்லை. படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழி விடுவாள். அக்கா என்று கூப்பிடுவதும் 'என்னங்க' ஆகிவிட்டது.

இதோடு முடிந்திருந்தால்கூட அக்கா எப்படியோ தேறியிருப்பார் என்று நினைக்கிறேன். இரண்டு வாரம் கழித்து ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். பஸ் பணிமனை மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ். வெளியே போன மூன்று பேரில் ஒருவர். வேலை கிடைத்துவிட்டது என்று பணிமனையில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார், அங்கே அவர் இடத்தில் வேறு ஆள் சேர்ந்தாகிவிட்டது. வெளியாட்கள் வந்து கேட்கும் விசாரணை ஜன்னல் தபால் பிரிவை ஒட்டித்தான். அங்கே இருந்தவர் விதியை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நான் போட்ட விடை சரின்னு முதல்ல சொன்னது நீங்க. அப்புறம் கேள்வியே செல்லாதுன்னீங்க. இப்ப தப்புங்கறீங்க. நான் ஒரு தடவைதான் சார் எழுதினேன்" என்றார் மெக்கானிக். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

அக்கா எழுந்து ஜன்னலுக்குப் போனார். நான் அந்தப் பக்கமாக ஏதோ காகிதம் வாங்க வந்தவன், அப்படியே நின்றுவிட்டேன்.

"அந்தக் கேள்வியைக் கெடுத்தது நான்" என்றார் அக்கா. "உங்க மேல எந்தத் தப்பும் இல்லை. என்னால ஆனது."

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க ஒத்துக்கிட்டா எனக்கு என்னம்மா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"பின்னே?"

அக்கா, அடுத்த வருடத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பம் கொடுப்பார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். மரியாதைக்காகத்தான் வாங்கினார் என்று நினைக்கிறேன். தன் கேள்வித்தாளை எடுத்து, "சரி, இதையாவது சொல்லுங்க. இது ஏன் தப்பு? விளக்கு எரியுதுன்னா வால்வு திறந்துதானே இருக்கணும்?" என்றார்.

அக்கா ஜன்னல் வழியாகவே அவருக்கு விளக்கினார். முக்கால் மணி நேரம். பின்னால் வரிசை நின்றது. பிரேக் பிடித்தால் பின்விளக்கு எரியும், பின்விளக்கு எரிந்தால் பிரேக் பிடித்ததாக ஆகுமா என்று அவர் தொழிலிலிருந்தே கேட்டார். மெக்கானிக் யோசித்தார். "ஷார்ட் ஆனாலும் எரியும்" என்றார் மெல்ல. பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "எங்க பணிமனையில கேட்டிருந்தா சரியாச் சொல்லியிருப்பேன்" என்றார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஆறு வருடம் வேலை பாக்கி இருந்தது. தபால் பிரிவிலேயே இருந்தார். யார் என்ன பேசினாலும் திருத்துவதை நிறுத்திவிட்டார். நான் பழைய பழக்கத்தில் 'சரியாத்தான் இருக்கும்' என்று சொன்னாலும் சும்மா இருப்பார்.

அடுத்த வருடம் நீரேற்று நிலையத் தேர்வு முடிவு வந்தது. தேறியவர்களுக்கு ஆணை அனுப்ப வேண்டும். உறைகளும் விலாசச் சீட்டுகளும் அக்கா மேசைக்குத்தான் போயின. அவர் அந்த உறைக்கட்டை அப்படியே பக்கத்து மேசைக்காரரிடம் தள்ளினார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெக்கானிக் பேரு இருக்கான்னு பாருங்களேன் அக்கா" என்றேன். "இருந்தா உங்களுக்கு ஒரு நிம்மதி."

"அதுக்காகத்தான் பார்க்கலை" என்றார். வேறு ஒரு கட்டை எடுத்துப் பிரித்து, பசைப் புட்டியைத் திறந்து, விலாசம் ஒட்ட ஆரம்பித்தார்.

நான் அன்று பக்கத்து மேசைக்காரர் டீக்குப் போன நேரத்தில் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். பழைய பட்டியலில் நான் பார்த்து வைத்திருந்த அந்தப் பெயர் இல்லை. அவர் தேறவில்லையா, எழுதவே இல்லையா, எனக்குத் தெரியாது. அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.